இழுவையான இடம்

அந்த நீலச் சட்டைக்காரரிடம் கேட்கலாம். வேண்டாம், பல் குத்திக்கொண்டிருக்கிறார், அதை முடித்துவிட்டு எனக்குப் பதில் சொல்வதற்குள் அவருடைய வண்டி வந்துவிடும். தூணோரம் நிற்கிற அம்மாவிடம் கேட்கலாம். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, காலடியில் பைகள், அவளிடம் போய் மூன்று நிமிஷம் பாட்டுக் கேளுங்கள் என்றால் குழந்தைகளில் ஒன்றை என் கையில் கொடுத்துவிடுவாள். வேண்டாம். இந்தப் பழைய பஸ் ஸ்டாண்டில் மத்தியானத்திலிருந்து நான் செய்கிற வேலை ஆளைப் பார்ப்பதும் வேண்டாம் என்பதும்தான். நடுவில் சிலரிடம் கேட்டும் இருக்கிறேன், சும்மா நின்றேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கையில் செல்போன், அதில் எங்கள் விஸ்காம் கடைசி வருஷத்து ப்ராஜெக்ட், மூன்று நிமிஷ மியூசிக் வீடியோ, எடிட் இன்னும் முடியவில்லை. கழுத்தில் ஜெபஸ்டினுடைய பெரிய ஹெட்செட், அதன் காதுமூடி உரிந்து கறுப்பாகத் துகள் கொட்டுகிறது. இதுவரை பாட்டுக் கேட்ட அத்தனை பேரும் காதில் எள் ஒட்டியதுபோல ஒட்டவைத்துக்கொண்டுதான் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள், ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. தூத்துக்குடி வெயில் நாலு மணியானாலும் தணிகிற வெயில் இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது, ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடுகிற சத்தத்தைக் கேட்டாலே தொண்டை வறளுகிறது. ஒரு சாத்துக்குடி குடிக்கலாம். சாத்துக்குடி என்று சொல்ல எனக்கு வரும்.

ஐசக் சார் போட்ட விதி இது. எடிட் முடிவதற்கு முன்னால் வெளியாட்களிடம் காட்ட வேண்டும், சொந்தக்காரர் சிநேகிதர் கூடாது, கூகுள் ஃபார்ம் கூடவே கூடாது. ஃபார்ம் அனுப்பினால் உங்கள் சித்தி மகன் ஒருத்தனே உட்கார்ந்து ஐம்பது பேருக்கு நிரப்பித் தருவான், எனக்குத் தெரியாதா, போய் ஜனங்கள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் எடுத்தது என்று சொல்லக் கூடாது, சொன்னால் மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்பார்கள். இரண்டே கேள்வி. பாட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது, இழுவையான இடம் எது. எல்லோரிடமும் ஒரே வார்த்தைகளில் கேட்க வேண்டும், ஆளுக்கொரு விதமாகக் கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை, அரட்டை. எங்கள் குழுவில் மூன்று பேர். ஜெபஸ்டின்தான் டைரக்டர், நடுவில் ராப் பாடுகிறவனும் அவனே, இன்றைக்கு மிக்ஸிங்குக்காக ஸ்டுடியோவில் நேரம் வாங்கி உட்கார்ந்திருக்கிறான். டெல்சி பாடகி, வீடியோ முழுக்க அவள் முகம், அவளே வந்து எதிரில் நின்றால் யார் உண்மை சொல்வார்கள். மிச்சம் நான், எடிட்டர். நான் எடிட்டிங் பக்கம் போனதே அது யாரோடும் பேசவேண்டாத வேலை என்பதால்தான். கதவைச் சாத்தினால் ஏசி, ஏசிக்குக் கீழே நான், என் எதிரில் வாய் பேசாத ஒரு கம்ப்யூட்டர். அப்படிப்பட்டவனைக் கூட்டிக்கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி ஊரோடு பேசு என்கிறார்கள்.

எனக்குத் திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை, ப வரிசைக்கு. உதடு மூடும், மூடினது திறக்காது, உள்ளே காற்று முட்டிக்கொண்டு நிற்கும். அம்மா வழிக் குலசாமி பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள், பேச்சிமுத்து, அதற்கும் முதலெழுத்து அதுவே. பள்ளிக்கூடத்தில் பேச்சில்லாத பேச்சிமுத்து என்று சொல்லிச் சொல்லி அவர்களுக்கே ஒருநாள் அலுத்துப்போனது. யாராவது பெயர் கேட்டால் முத்து என்பேன், ம வந்துவிடும், மூக்கு வழியாகத் தப்பித்துக்கொள்ளும், ப-வுக்கு அந்த வழியும் கிடையாது. அதனால் அந்த எழுத்தைத் தொடாமல் வாழப் பழகிவிட்டேன். பஸ்ஸை வண்டி என்பேன். பால் வாங்க அனுப்பினால் காலிக் கவரைக் கடைக்காரரிடம் தூக்கிக் காட்டுவேன். பொரிச்ச பரோட்டா தின்ன நாக்கு ஊறும், இலையைப் போட்டதும் தோசை என்பேன், தோசையே வரும், பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டே தின்பேன். இந்த ஊரில் பிறந்து பரோட்டா கேட்க வாயில்லாமல் வளர்ந்த ஒரே ஆள் நான்தான். இன்றைக்கு முதலில் பிடித்தது தண்ணீர்க் குழாயருகே நின்ற ஒரு பாலிடெக்னிக் பையனை. தம்பி, காலேஜ் வேலை, கொஞ்சம் கேட்டுட்டுச் சொல்லுங்க, அதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பையன் கேட்டான், பார்த்தான், ஹெட்செட்டைக் கழற்றினான். நான் கேள்வியைத் தொடங்கினேன். பா. பா. அவன் என் வாயைப் பார்த்தான், பிறகு எல்லோரையும்போல் தன் செருப்பைப் பார்த்தான், பிறகு உதவி செய்கிற ஆசையில், பாத்ரூமா அண்ணே, அந்தக் கடைசிக்குப் போங்க என்று கையைக் காட்டினான். நான் தலையாட்டிவிட்டு பாத்ரூமுக்கே போனேன். வேறு என்ன செய்ய. அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோதுதான் அந்த முடிவை எடுத்தேன். முதல் கேள்வியை விட்டுவிடலாம். எது இழுவை என்று தெரிந்தால் மிச்சமெல்லாம் பிடித்தது என்று ஆகிறது, கழித்தல் கணக்குத்தானே. அந்த நாற்றத்தில் அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

இழுவை என்ற வார்த்தையும் என் கைங்கரியம்தான். ஜெபஸ்டின் முதலில் போர் அடிக்கிற இடம் என்றுதான் சொன்னான், நல்ல தமிழில் கேட்போமே என்று நான்தான் மாற்றினேன், ஐசக் சார் பாராட்டக்கூடச் செய்தார். என் தமிழ்ப் பற்று உதட்டிலிருந்து தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. எனவே பாத்ரூமிலிருந்து வெளியே வந்த நான் புது மனிதன். அண்ணாச்சி, இதுல இழுவையான இடம் எது. அக்கா, எந்த இடம் இழுவையா இருந்துச்சு. தடங்கலே இல்லை. ஒருவர் மாற்றி ஒருவராக மடமடவென்று போனது, எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது, அடுத்த ஜென்மத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாகக்கூட ஆகலாம் என்று நினைத்தேன். பதிலும் ஒரே பதில். கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசிப்பார்கள், பிறகு எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். அந்தப் பிள்ள தனியா நிக்கில்லா, அந்த எடம். மியூசிக் இல்லாம ஒரு எடம் வருதே தம்பி. அந்த உப்பளத்துல சும்மா நின்னு பாடிக்கிட்டே இருக்காளே, அங்கன. ஒரு கண்டக்டர் அண்ணாச்சி மட்டும் எல்லாமே இழுவைதாம்ல என்று சொல்லிவிட்டு விசில் ஊதப் போய்விட்டார், அவர் விஷயம் வேறு. கேட்டதை ஒவ்வொன்றாகப் போனில் குறித்துக்கொண்டு வருகிறேன், குறிக்கிற கையில் ஒரு கனம் ஏறிக்கொண்டே வருகிறது, வேலை நன்றாக நடக்கிறபோது ஏன் இப்படிக் கனக்கிறது என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அந்த இடம் எனக்குத் தெரியாததா. உப்பளத்து ரோட்டில் விடிகிற நேரத்தில் எடுத்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், நடுவில் டெல்சி, பின்னால் ஒரு லாரி ரிவர்ஸில் வருகிறது, ரொம்பத் தூரத்தில். அதுவரை ஓடிவந்த ட்ரம்ஸ், கீபோர்டு, ஜெபஸ்டினின் ராப் எல்லாம் நின்றுபோகும், அவள் குரல் மட்டும். போற காத்தே கொஞ்சம் நில்லு, நான் சொல்ல வந்தத முடிச்சுக்கிறேன். அதையே திரும்பவும் பாடுவாள், இன்னும் மெதுவாக. நடுவில் காற்று அடித்து முடி வாயில் போகும், எடுத்துவிட மாட்டாள், அப்படியே பாடுவாள். ஒரே ஷாட். மற்ற இடங்களையெல்லாம் கண்டபடி வெட்டித் தள்ளின நான் அங்கே கத்தியே வைக்கவில்லை. ஜெபஸ்டின் பார்த்துவிட்டு, ஏல பேச்சி, எல்லாரும் தூங்கிருவானுவ, இதுல பாதிய எடுத்துட்டு என் ராப்ப இழுத்துவிடு என்றான். நான் மாட்டேன் என்று தலையசைத்தேன், அவன் விடவில்லை, கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஜனம் சொல்லட்டும். கேட்டவர்களில் பாதிக்கு மேல் அந்த இடம் இழுவை என்றால் எடுத்துவிட வேண்டியது, யாரும் கோபப்படக் கூடாது. டெல்சியும் சரி என்றாள். எடுத்துவிட்டால் டெல்சிக்கு என்ன மிஞ்சும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஜெபஸ்டின் ராப்புக்குப் பின்னால் ம்ம் ம்ம் என்று ஒரு முனகல், அவ்வளவுதான். மாதா கோயில் பாடகர் குழுவில் சின்னதிலிருந்து அவளைச் சிஸ்டர் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்களாம். கட்டைக் குரல், கொஞ்சம் அமுக்கிப் பாடு, மத்த பிள்ளைக குரலை முழுங்கிருது என்பார்களாம். அத்தனை வருஷம் அமுக்கிப் பாடினவள் அமுக்காமல் பாடின ஒரே இடம் அது.

அந்த எடிட்டைப் போட்டுக் காட்டின அன்றைக்கு எடிட் ரூமில் நானும் அவளும்தான் இருந்தோம். ஓடி முடிந்ததும், நல்லாருக்கு என்றேன். நல்லாருக்கு எனக்கு வரும், ந-வும் மூக்கு வழிதான். அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். நல்லாருக்குன்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க முத்து, ஒனக்குப் பிடிச்சிருக்கா என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. ஊரில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடுவார்கள். நான் மானிட்டரைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன், அது ஆமாம் என்று ஆட்டினதா, ஏதோ ஒன்று என்று ஆட்டினதா, எனக்கே தெரியாது. அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். அவள் எழுதின வரிதான் அது, நான் சொல்ல வந்தத முடிச்சுக்கிறேன். என்னை நினைத்து எழுதினாளா என்று கேட்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதில் திக்குகிற எழுத்து ஒன்றுகூட இல்லை, ஆனாலும் கேட்டதில்லை, எல்லாவற்றுக்கும் ப-வைக் குற்றம் சொல்ல முடியாது. நேற்றுக் கிளம்புகிறபோது சொன்னாள், ரிசல்ட்ட நீயே எனக்குப் போன் பண்ணிச் சொல்லு, மெசேஜ்ல வேண்டாம், ஜெபஸ்டின் சொன்னா கேலி பண்ணிட்டே சொல்லுவான். நான் யாருக்கும் போன் செய்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். போனில் உதடு மூடிக்கொண்டால் அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒன்றுமே தெரியாது, ஹலோ ஹலோ கேக்குதா, சிக்னல் இல்ல போல என்று வைத்துவிடுவார்கள். தெரிந்தும் கேட்டாள். மற்றவர்களிடம் கேட்கிற மாதிரியே என்னிடமும் கேட்டாள்.

சாத்துக்குடி குடிக்கலாம் என்று ஜூஸ் கடைப் பக்கம் வந்தால், அங்கே பெட்டியோடு ஒரு டேபிள் ஃபேனைக் கட்டியணைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், புதுசாக வாங்கியிருப்பார் போலிருக்கிறது, பெண்டாட்டியைக்கூட அவ்வளவு பத்திரமாகப் பிடித்திருக்க மாட்டார். கேட்டேன். ஃபேனைக் கீழே வைக்க மனசில்லாமல் அப்படியே கழுத்தை நீட்டினார், ஹெட்செட்டை நானே மாட்டிவிட்டேன், போனையும் நானே அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். முகத்தைப் பாருங்கள் என்று ஐசக் சார் சொன்னது நினைவு வந்தது. ராப் வருகிறபோது பின்னால் வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தார். டெல்சி வந்ததும் திரும்பவில்லை. முடிந்தது, இழுவையான இடம் எது என்றேன். அந்தப் பிள்ள ஒத்தையில நிக்கில்லா, அது கொஞ்சம் இழுக்குப்பா என்றார். குறித்துக்கொண்டேன். நன்றி அண்ணாச்சி. அவர் ஜூஸ் வாங்கக் கடைப் பலகையருகே போனார், ஃபேன் பெட்டிமேல் விரலால் தட்டிக்கொண்டே ஏதோ முனகினார். மிக்ஸி நின்றது. போற காத்தே கொஞ்சம் நில்லு. அந்த வரியேதான், அவள் பாடுகிற அதே மெதுவில், சுதி கொஞ்சம் கீழே. அவருக்கே தெரியவில்லை தான் முனகுகிறோம் என்று. மிக்ஸி திரும்ப ஓட ஆரம்பித்தது, மிச்சத்தை அது முழுங்கிவிட்டது.

இழுவை என்கிறார், முனகவும் செய்கிறார். இரண்டில் எது பொய். முனகுகிறவன் பொய் சொல்ல முடியாது. அப்படியென்றால் என்னிடம் சொன்னது பொய்யா, அதுவும் இல்லை, அவருக்கு என்னிடம் பொய் சொல்லி ஆகவேண்டியது என்ன. நான் கேட்டேன், அவர் சொன்னார். நான் என்ன கேட்டேன். சாத்துக்குடியை வாங்கி வாயில் வைத்த பிறகுதான் அது உறைத்தது, உறைத்ததும் குடிக்க முடியவில்லை. சின்ன வயசில் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை நடுவில் நிறுத்தி, எந்த எழுத்துல திக்கும், எங்கே சொல்லு பார்ப்போம் என்பார்கள். பெரிய மாமா, டாக்டர், பக்கத்து வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர்கூட. நானும் தேடிக் கண்டுபிடித்து ப என்று திக்கிக் காட்டுவேன். சில நாள் நன்றாகத்தான் வரும், ஆனாலும் கேட்டுவிட்டார்களே என்று திக்கிக் காட்டுவேன், கேட்டதைக் கொடுப்பதுதானே மரியாதை. உனக்கு என்ன நன்றாக வரும் என்று ஒருவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பாடுவேன் என்று சொல்லியிருப்பேன், பாடினால் எனக்குத் திக்காது, போற காத்தே என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் பாடுவேன். எங்கே இழுவை என்று கேட்டால் எவனும் மெதுவாகப் போகிற இடத்தைத்தான் தேடி எடுத்துக் கொடுப்பான். அந்தப் பாட்டில் மெதுவாகப் போகிற இடம் ஒன்றுதான். மத்தியானத்திலிருந்து ஊரில் உள்ள அத்தனை பேரையும் நிறுத்தி நிறுத்தி, டெல்சியை எங்கே வெட்டலாம் என்று கேட்டிருக்கிறேன், என் உதடு திறக்கவில்லை என்பதற்காக. அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பின சிஸ்டராவது காதில் கேட்டதைச் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே, சாத்துக்குடி டம்ளருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

போன் அதிர்ந்தது, ஜெபஸ்டின். ரிசல்ட் என்ன, சொல்லு, ராத்திரிக்குள்ள வெட்டி முடிச்சிரலாம். பாதிக்கு மேல் என்ன, கண்டக்டரைத் தவிர எல்லோருமே என்று அனுப்பினால் முடிந்தது விஷயம். அல்லது மாற்றி அனுப்பலாம், பெரும்பாலோருக்கு ஒன்றும் இழுவை இல்லை என்று, யார் வந்து பார்க்கப் போகிறார்கள். அனுப்பிவிடலாம் என்று விரல்கூடப் போய்விட்டது. ஆனால் அப்படித் தப்பிக்கிற ஷாட் அவள் ஷாட்டாக இருக்காது, நான் போட்ட பிச்சையாக இருக்கும், பிச்சை போடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கேள்வியை எழுதிக் காட்டலாமா. போன வருஷம் ஒரு சர்வேக்கு அப்படிச் செய்து பார்த்தேன், பஸ்ஸில் சிலர் உதவி கேட்டு அச்சடித்த அட்டையைப் பயணிகள் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி வாங்க வருவார்களே, அப்படி நினைத்துக்கொண்டு ஒரு அம்மா என் கையில் சில்லறையை வைத்து மூடிவிட்டாள். பாடிக் கேட்கலாம். பிடிச்ச எடம் எது எது என்று ராகம் போட்டால் சத்தியமாகத் திக்காது, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும், நாளைக்கு எவனாவது வீடியோ எடுத்துப் போட்டு எங்கள் பாட்டைவிட அது பிரபலமாகிவிடும். எல்லா வழியையும் யோசித்துப் பார்த்துவிட்டேன், கடைசியில் வாய் இருக்கிற இடத்துக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

பெஞ்சில் ஒரு அக்கா இருக்கிறாள். அம்மா வயசு வராது, மடியில் மக்ரூன் டப்பா, டப்பாவுக்கு மேல் கைப்பை, கைப்பைக்கு மேல் இரண்டு கையும். யாரையோ பார்க்கப் போகிறாள், வெறுங்கையோடு போகக் கூடாத வீடு. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அக்கா, காலேஜ் வேலை, கொஞ்சம் கேட்டுட்டுச் சொல்லுங்க. ஹெட்செட்டைக் கையில் வாங்கினவள் காதுமூடியை ஒரு தட்டுத் தட்டித் துகளையெல்லாம் உதறிவிட்டு மாட்டிக்கொண்டாள், இது ஏன் எனக்கு இத்தனை நேரம் தோன்றவில்லை. பார்த்தாள். உப்பளத்து இடத்தில் கண்ணைச் சுருக்கினாள், வெளிச்சம் போதவில்லையோ என்று நான் கையால் நிழல் கட்டினேன். முடிந்தது. ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கேள்வியைத் தொடங்கினேன். பா. வந்துவிட்டது, டு-வும் வந்துவிட்டது, பாட்டுல என்று முழுசாக வந்துவிட்டது, அட என்று நினைத்தேன், நினைத்த மாத்திரத்தில் அடுத்ததில் உதடு மூடிக்கொண்டது. மூடினது மூடினதுதான். கழுத்து நரம்பு தெரிகிறது என்று எனக்குத் தெரியும், ஒரு கண் சின்னதாகிவிடும், அதுவும் தெரியும். இப்போது செருப்பைப் பார்ப்பாள். பார்க்கவில்லை. பாத்ரூம் என்பாள், பஸ்ஸா என்பாள், படிக்கிறீங்களா என்பாள், ஏதாவது ஒரு ப-வை எடுத்து நீட்டுவாள், நானும் அதையே வாங்கிக்கொண்டு போய்விடுவேன். நீட்டவில்லை. பின்னால் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் டப்பாவைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள், அவசரமில்லை என்று காட்டுகிற முகமும் இல்லை, இரக்கமும் இல்லை, கேள்வி வரட்டும் என்று இருக்கிற சாதாரண முகம். பிடிச்ச இடம் எது என்றேன். வந்துவிட்டது.

அவள் யோசித்தாள். "அந்தப் பிள்ள தனியா நின்னு பாடுச்சுல்லா, அது" என்றாள்.

இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும், விதி. இழுவையான இடம் எது என்று கேட்டேன்.

"அதுவுந்தான்" என்றாள். "எப்ப முடிக்கப் போறாளோன்னு இருந்துச்சு. ஆனா முடிக்காம விட்டுட்டுப் போவ மனசு வரல தம்பி."

குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன். நன்றி அக்கா என்றேனா, அதுவும் நினைவில்லை. நேரே ஜூஸ் கடைக்குப் போனேன், ஃபேன்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி, இன்னொரு கேள்வி விட்டுப்போச்சு என்று தொடங்கினேன். அவரிடம் ரொம்பத் திக்கியது, அவர் மக்ரூன் அக்கா மாதிரி இல்லை, நடுவிலேயே, பிடிச்ச எடமா, அதே எடந்தான்பா, அதத்தான சொன்னேன் என்று சொல்லிவிட்டார், முதலில் அதையே இழுவை என்று சொன்னது அவருக்கே நினைவில்லை. அவர் முந்திக்கொண்டது பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. நீலச் சட்டைக்காரர் பல் குத்தி முடித்திருந்தார், அவருக்குப் பிடித்தது ராப், டெல்சி இடம் சுத்த இழுவை, அதையும் எழுதிக்கொண்டேன். கண்டக்டர் அண்ணாச்சி அடுத்த ட்ரிப்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார், பிடிச்ச இடம் எது என்று ஓடிப்போய் ஜன்னலோரம் கேட்டேன், லேய், பாட்டு முடிஞ்சுபோச்சுல்லா, அந்த எடம் புடிச்சிருந்துச்சு என்றார், எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. மற்றவர்களெல்லாம் போய்விட்டார்கள். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் கோவில்பட்டிக்கும் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனவர்களை இனி எங்கே போய்ப் பிடிப்பது. இன்றைக்குச் செய்ததெல்லாம் செல்லாது. நாளைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொருவரிடமும் பா, ஒவ்வொருவரிடமும் பி. வெட்ட வேண்டாம், நான் தப்பாக் கேட்டுட்டேன், நாளைக்குத் திரும்பவும் கேட்கிறேன் என்று ஜெபஸ்டினுக்கு அனுப்பினேன். ஏல வெளையாடுதியா என்று பதில் வந்தது. போனைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. தூணுக்குப் பின்னால் கொஞ்சம் சத்தம் குறைவாக இருந்தது, அங்கே போய் நின்று டெல்சியின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். சொல்லு முத்து என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் படுகிற பாடு எனக்குக் கேட்டது. இழுவைன்னு நிறைய வந்துச்சு என்றேன். சரி என்றாள். ஆனா நான் சரியாக் கேட்கல, முதல் கேள்விய விட்டுட்டேன், கடைசியில சிலர்கிட்ட கேட்டேன், அவங்களுக்கு அதே இடந்தான், நாளைக்குத் திரும்ப எல்லார்கிட்டயும் கேட்கணும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஏன் விட்ட என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். சரி, நாளைக்குப் பார்ப்போம், வச்சிரட்டா என்றாள். நான் விட்டிருந்தால் வைத்துவிட்டிருப்பாள். இரு, எனக்கு என்றேன், அதற்குமேல் உதடு மூடிக்கொண்டது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வெளியே போனது. பூ விற்கிறவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். ஹலோ என்பாள் இப்போது, கேக்குதா என்பாள், வைத்துவிடுவாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் ஹலோ சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், உப்பளத்தில் அடுத்த வரிக்கு முன்னால் எடுப்பாளே அதே மாதிரி. பிடிச்சிருக்கு என்றேன்.

அப்புறம் டெல்சி கேட்டாள்.

"எந்த இடம்?"

"நீ" என்று தொடங்கினேன், அடுத்த வார்த்தை எது என்று இரண்டு பேருக்கும் தெரியும், அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, நானும் மாற்றவில்லை. "நீ பா, பா, பாடுற இடம்."